அரணும் அகத்தாரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பெற்ற தலைப்பு 'நம் நாட்டுக் கோட்டைகளும் மாளிகைகளும்' என்பதாகும். தலைப்பு பெரிது, எனக்குத் தரப்பெற்ற நேரம் சிறிது. வேலூர்க் கோட்டையைப் பற்றி மட்டுமே ஒரு நாள் முழுதும் பேசலாம். அகழி சூழ்ந்த அக்கோட்டைக்குள்ளே கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருக்கின்றன. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியற்காலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடமும் அதுவே. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராசசிங்கர் சிறையிருந்து 1832இல் கண்மூடிய இடமும் அதுவே. தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் எழுப்பிய கடற்கோட்டை, சேதுபதி மன்னர் திருமயத்துப் பாறையைச் சுற்றி எழுப்பிய வட்டக்கோட்டை, எஞ்சிய ஒரு பகுதியைக்கொண்டே நம்மை வியக்கவைக்கும் மதுரைத் திருமலை நாயக்கர் மகால் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவ்வாறு அடுக்கினால் அது பட்டியலாகுமேயன்றி உரையாகாது. ஆகவே, நான் ஒரே ஒரு கோட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது செஞ்சிக் கோட்டை. அதற்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன் என்பதே காரணம். அது என்ன கடன் என்பதை உரையின் இறுதிக்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். என்னுடைய முனைவர் பட்ட ஆய்வு புறத்திணை பற்றியது. உழிஞைத் திணையையும் நொச்சித் திணையையும் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். பகைவரின் மதிலை வளைத்தல் உழிஞை. அம்மதிலை உள்ளிருந்து காத்தலைத் தொல்காப்பியர் உழிஞைக்குள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ அதனை நொச்சி எனத் தனித்திணையாக்கியது. இவ்வேறுபாட்டை எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின்மேல் பொருத்தப்பட்டிருந்த பொறிகளின் வரிசையை மாணவரை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆனால், அந்நாள்வரை நான் ஒரு கோட்டையின் மேலும் ஏறியதில்லை! மதிலின் உயரத்தைச் சொல்லில் அளந்தவள், கால்களால் அளக்கவில்லை. எங்கள் துறை மாணவரை அழைத்துக்கொண்டு சில ஆண்டுகளுக்கு முன் செஞ்சிக்குச் சென்ற நாளில்தான் அந்தக் குறை நீங்கியது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை செஞ்சிக் கோட்டையின் ஊடாகவே செல்கிறது. பேருந்தில் போகிறவர்கள் கோட்டை மதிலைக் கடப்பதை அறியாமலேயே கடந்துபோகிறார்கள். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. பேய்கள் குவித்துவைத்தாற்போன்ற உருண்டைப் பாறைகளாலான குன்றுகள் அவை. அம்மூன்றையும் மதில் ஒன்று வளைத்துப் பிணைக்கிறது. மதிலின் நீளம் மைல் கணக்கில் ஓடுகிறது. சில இடங்களில் அதன் அகலம் ஏறத்தாழ 60 அடி. அதன் முன்னே ஏறத்தாழ 80 அடி அகலமுள்ள அகழி. இராசகிரியோ ஏறத்தாழ 800 அடி உயரம். உச்சியை நெருங்குகையில் பாறை பிளந்து ஒரு பெரும் பள்ளம் குறுக்கிடுகிறது. அதன்மேல் போட்டிருக்கும் பாலத்தைக் கடந்தே உச்சிக்குப் போக வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் எதுவும் செய்ய இயலாது.

அந்தப் பாலத்தின் அருகில் மூச்சு வாங்க அமர்ந்திருந்தபோதுதான் திருக்குறளின் 75ஆவது அதிகாரம் எனக்கு விளங்கியது. 'அரண்' என்னும் அந்த அதிகாரத்தை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். தெளிந்த நீரும், வெட்டவெளி நிலமும், மலையும், நிழல் செறிந்த காடும் உடையதே அரண் என்று வள்ளுவர் சொல்கிறார். அதனை ஓர் அழகிய அடுக்காகவே நான் எண்ணியிருந்தேன். செஞ்சியில் அது ஒரு பொறியாளரின் குறிப்பாகத் தெரிந்தது. கீழ்க்கோட்டையில் சக்கரக்குளம், செட்டிகுளம் என்னும் பெரிய நீர்நிலைகள் இருக்கின்றன. மலைமேல் சுனைகளும், மழைநீரைத் தேக்கும் தொட்டிகளும் இருக்கின்றன. அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகாலின் மேல்தளத்திற்கு மண்குழாய்களின் வழியே நீரை ஏற்றியிருக்கிறார்கள். வளைவுக் கூரைகளுடன் குகைபோல் நீண்டு கிடக்கும் தானியக் களஞ்சியங்களைக் கண்டபோது, கொள்வதற்கு அரியதாகவும் உணவு நிறைந்ததாகவும் இருக்க வேண்டும் என்று வள்ளுவர் சொன்னது நினைவுக்கு வந்தது. களஞ்சியத்தையும் குளத்தையும் காணாத வரையில் கோட்டை என்பது வெறும் மதில் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அது பிழை. நெல்லும் நீரும் உள்ளே இருக்கும் வரையில்தான் மதிலுக்குப் பொருள்.

ஆயினும், வள்ளுவர் அதோடு நிறுத்தவில்லை. அதிகாரத்தின் இறுதிக் குறளில் ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. எத்தனைச் சிறப்பு உடையதாயினும், உள்ளே இருப்பவர் செயலில் சிறப்பில்லாதவராயின் அந்த அரண் இல்லாததற்கே ஒப்பாகும் என்கிறார். இக்கருத்துக்கு உரையாசிரியர் எவரும் தர இயலாத உரையை வரலாறு செஞ்சியில் எழுதி வைத்திருக்கிறது. அதனைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

செஞ்சியில் முதன்முதல் கோட்டை கட்டியவர் ஆனந்தக்கோன் என்னும் இடையர் குலத் தலைவர் என்றும், அவர் வழிவந்த கிருஷ்ணக்கோன் பெயரால் கிருஷ்ணகிரி வழங்குகிறது என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. பின்னர் அது விசயநகரப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டது. செஞ்சி நாயக்கர்கள் அதனைப் பெருநகராக வளர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சிக்கு வந்த பிமென்டா என்னும் ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகத் தம் போர்ச்சுக்கல் நாட்டில் இதனினும் பெரிய நகரம் இல்லை என்ற கருத்துப்பட எழுதிவைத்தார். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிசப்பூர் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. 1677இல் சிவாசி அதனைத் தமதாக்கிக்கொண்டு மதில்களை வலுப்படுத்தினார்.

அவருடைய மகன் இராசாராம், முகலாயருக்குத் தப்பி மாறுவேடத்தில் தெற்கே வந்து 1689இல் செஞ்சிக்குள் புகுந்தார். அடுத்த ஆண்டே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் கோட்டையை வளைத்தார். அன்று தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. ஏறத்தாழ எட்டாண்டுகள்! உள்ளே இருந்தவர்கள் உண்டார்கள். வெளியே இருந்தவர்கள் ஒரு கட்டத்தில் பட்டினி கிடந்தார்கள். மராட்டியத் தளபதிகள் சாந்தாசியும் தானாசியும் வெளியிலிருந்து தாக்கி, முற்றுகையிட்டவரையே முற்றுகையிட்டார்கள். கோட்டை இறுதியில் விழுந்தபோதும் இராசாராம் அதற்குள் இல்லை. அதற்கு முன்பே தப்பிச் சென்றிருந்தார்.

இனி, மற்றொரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். அதே மதில், அதே அகழி, அதே குன்றுகள். 1750ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரு சிறுபடையுடன் செஞ்சிக்கு வந்தார். வேறொரு போரில் தோற்று ஓடிவந்த முகமது அலியின் படையினர் கோட்டைக்குள் இருந்தார்கள்; எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. மாலையில் கீழ்க்கோட்டை வாயில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இரவில் மூன்று குன்றுகளின்மேலும் ஒரே வேளையில் ஏறினார்கள். பொழுது விடிந்தபோது மூன்று குன்றுகளும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. தாங்கள் எதனைப் பிடித்தோம் என்பதைப் பகல் வெளிச்சத்தில் கண்ட பிறகு, பிடித்தவர்களே வியந்து நின்றார்கள் என்று அக்கால வரலாறு சொல்கிறது.

ஒருமுறை எட்டாண்டு, மற்றொருமுறை ஓர் இரவு. கல் மாறவில்லை, உள்ளே இருந்த மனிதர் மாறியிருந்தனர். உறுதி குலைந்தவர் கையில் உலகிலேயே வலிய மதிலும் வேலியாகாது. வள்ளுவரின் இறுதிக் குறளை இதனினும் தெளிவாக எந்த வகுப்பறையில் நடத்த இயலும்?

1761இல் ஆங்கிலேயர் செஞ்சியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். 1780இல் ஐதர் அலியின் படை அங்கே புகுந்தது. அதன்பின் செஞ்சிக்குப் போர் இல்லை. ஆகவே மக்களும் இல்லை. நகரம் காடாயிற்று. அதன் கோயில் தூண்கள் புதுச்சேரிக்குப் பெயர்ந்தன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் வேலைப்பாடமைந்த கல்தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவை என்று சொல்லப்படுகிறது.

ஆனால் பெரியோர்களே, இத்தனை பேர் ஆண்ட செஞ்சி, மக்கள் நாவில் யார் பெயரால் நிற்கிறது? கட்டியவர் என்று மரபு சொல்லும் கோனார் பெயரால் அன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆண்ட நாயக்கர் பெயரால் அன்று. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய மராட்டியர் பெயராலும் அன்று. ஓராண்டுகூட ஆட்சி புரியாத ஓர் இளைஞன் பெயரால் நிற்கிறது. அவன் தேசிங்கு ராசன்.

தேசிங்கு தமிழனல்லன். அவன் வடக்கே பந்தேல்கண்டைச் சேர்ந்த இராசபுத்திரன். தேசுசிங் என்பது அவன் இயற்பெயர். முகலாயர் சார்பில் செஞ்சியைக் காத்துவந்த தந்தை சொரூப்சிங் மறைந்தபின் கோட்டைக்கு உரிமை கொண்டாடி வந்தான். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் திறைப் பாக்கியைக் கேட்டார். அவன் தர மறுத்தான். 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், சில நூறு குதிரை வீரருடன் நவாபின் பெரும்படையை எதிர்த்து நின்று மாண்டான். அப்போது அவனுக்கு வயது 22 என்பர். கதைப்பாடலில் அவனுடைய உயிர்த்தோழன் மோவுத்துக்காரன் என்னும் மகமத்கான் வருகிறான். திருமணப் பந்தலிலிருந்து எழுந்து, மணக்கோலத்தோடு குதிரை ஏறி, நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்து உயிர் துறந்த இசுலாமிய இளைஞன் அவன். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பதும், அவள் நினைவாகவே இராணிப்பேட்டை அப்பெயர் பெற்றது என்பதும் வழங்கிவரும் செய்திகள்.

எங்களுடன் வந்த மாணவி ஒருத்தி மேல்மலையனூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவள். "எங்க ஆயாவுக்கு இந்தக் கதை முழுக்கப் பாட்டாகவே தெரியும் அம்மா" என்றாள். பின்னொரு நாள் அவளுடன் அந்த ஊருக்குச் சென்றேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டி, மகமத்கான் விழும் இடத்தைப் பாடும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஆய்வாளர் அல்லவா? ஆகவே ஆய்வாளரின் கேள்வியைக் கேட்டேன். "தேசிங்கு எந்த ஊர்க்காரன் ஆயா?" என்றேன். என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "எங்க ஊருப் பிள்ளைதாம்மா, வேற எந்த ஊரு?" என்றார்.

அந்த விடையை நான் இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். வடபுலத்து இளைஞன் ஒருவன். மற்றொரு சமயத்தைச் சேர்ந்த அவன் தோழன். இருவரையும் இவ்வூர் மக்கள் தம் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டு முந்நூறு ஆண்டுகளாக அழுதிருக்கிறார்கள். எவன் ஆண்டான் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. எவன் தன் சொல்லுக்காகவும் நட்புக்காகவும் நின்றான் என்பதையே பார்த்தார்கள். அகத்தாரின் மாட்சியே அரணின் மாட்சி என்னும் வள்ளுவர் கருத்தை, வள்ளுவத்தைப் படிக்காத அந்த மூதாட்டி எனக்கு உணர்த்திவிட்டார்.

அன்றைய செஞ்சிப் பயணத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தானியக் களஞ்சியத்தின் சுவரில் எங்கள் மாணவன் ஒருவன் கூரான கல்லால் தன் பெயரைச் செதுக்கிக்கொண்டிருந்தான். அச்சுவரில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பெயர்கள் இருந்தன. நான் கடிந்துகொண்டேன். அவன் முரடனல்லன்; நன்றாகப் படிக்கும் பிள்ளை. தலை குனிந்தபடியே, "ராசாக்கள் மட்டும் கல்லில் பேர் வெட்டலாமா அம்மா?" என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. கல்வெட்டு கொடையைச் சொல்கிறது, வரலாற்றைச் சொல்கிறது என்று ஏதோ கூறினேன். அது அவனுக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. கீழே இறங்கி வரும்போது மதிலின் அடிவரிசைக் கற்களைப் பார்த்தேன். யானையும் அசைக்க இயலாத கற்கள். அவற்றை உடைத்தவர், உருட்டியவர், 800 அடி உயரத்திற்குச் சுமந்தவர் எத்தனை ஆயிரம் பேரோ! அவர்களுள் எத்தனை பேர் அந்தப் பாறையில் உயிரை விட்டனரோ! பெயர் வெட்டிக்கொள்ள உண்மையில் உரிமை உடையவர்கள் அவர்களே. உளியும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஆயினும் அவர்கள் பெயர் எங்கும் இல்லை. அம்மாணவனை அழைத்து இதனைச் சொன்னேன். "இதைக் கட்டியவனே பேர் எழுதாத சுவரில் நீ எழுதலாமா?" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பேருந்து புறப்படுமுன், அவன் களஞ்சியத்துப் பக்கம் போய்த் தன் எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். செதுக்கியது தேய்த்தால் போகுமா? போகவில்லை. அது இன்றும் அங்கேதான் இருக்கும்.

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் செஞ்சிக் கோட்டையை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததை அனைவரும் அறிவீர்கள். 'மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள்' என்னும் பொதுப்பெயரில் பன்னிரண்டு கோட்டைகள் அப்பெருமையைப் பெற்றன. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. அச்செய்தி வந்தபோது நண்பர்கள் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் வருந்தினார்கள். "நம் கோட்டை மராட்டியர் பெயரில் போய்விட்டதே" என்பது அவர்கள் வருத்தம்.

அந்த வருத்தத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். கோனாரும் நாயக்கரும் கட்டியதை, இரண்டு தலைமுறைக்கும் குறைவாக ஆண்டவர் பெயரால் மட்டும் உலகம் அறிந்தால் அது முழு உண்மை ஆகாது. ஆனால், அந்தப் பெயரும் பொய்யன்று. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கியவர்கள் செஞ்சிக்குப் பெருமை சேர்த்தவர்களே. நாயக்கர் கால வேங்கடரமணர் கோயிலும், சாதத்துல்லாகான் பெயரால் வழங்கும் பள்ளிவாசலும் ஒரே கோட்டைக்குள் நிற்கின்றன. அங்கே எவர் வந்தாலும் தமக்குரிய ஒரு கல்லைக் காணலாம். எனவே பலகையில் எவர் பெயர் இருக்கிறது என்பதைப் பற்றி நான் பெரிதும் கவலைப்படவில்லை. பலகையில் இடம்பெறாதவற்றை நாம் எங்கே எழுதி வைத்திருக்கிறோம் என்பதே என் கவலை.

இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன கடன் வருகிறது. அந்த மூதாட்டி அன்று பாடியது கதையின் ஒரு பகுதியை மட்டுமே. நடவின்போது பாடும் மெட்டு, இழவு வீட்டில் பாடும் மெட்டு என இரண்டு வகையாகத் தமக்குத் தெரியும் என்றார். "அடுத்த விடுமுறைக்குப் பதிவுக் கருவியோடு வருகிறேன் ஆயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். விடைத்தாள் திருத்தும் பணி வந்தது, கருத்தரங்கம் வந்தது, விடுமுறைகள் வந்தன, போயின. நான் போகவில்லை. இரண்டாண்டு கழித்து அம்மாணவி, ஆயா காலமாகிவிட்டார் என்று தெரிவித்தாள். அச்சில் வந்த தேசிங்குராசன் கதை நூலகங்களில் கிடைக்கிறது. அந்த ஆயாவின் இழவு மெட்டு எந்த நூலகத்திலும் கிடைக்காது. களஞ்சியச் சுவரைக் கீறிய மாணவனைக் கடிந்துகொண்டவள் நான். என் சோம்பலால் இடிந்த சுவருக்கு என்னை யார் கடிந்துகொள்வது?

ஆகவே, பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் கூட்டத்தை மண்டபத்தை விட்டு ஒரு கோட்டையின் நிழலில் நடத்துவோம். குழந்தைகளையும் அழைத்துச் செல்வோம். அரண் அதிகாரத்தை அகழிக்கரையில் படிப்போம். படித்துவிட்டுச் சுவரில் ஒரு கீறலும் வைக்காமல் திரும்புவோம். இரண்டு: அந்தந்தக் கோட்டையைச் சூழ்ந்த ஊர்களில், கதைப்பாடல் அறிந்த முதியோரைத் தேடிப் பாடலை மெட்டோடு பதிவு செய்வோம். இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பதிவுக் கருவி இன்று எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. வேண்டுவது, 'அடுத்த விடுமுறைக்கு' என்று தள்ளிப்போடாத மனம் ஒன்றே. முதல் ஊருக்கு நான் வருகிறேன். அது மேல்மலையனூர்ப் பக்கமாகவே இருக்கட்டும்.

மதில் ஒருகாலத்தில் மக்களைக் காத்தது. இன்று மதிலை மக்கள் காக்க வேண்டிய காலம். இப்போது அகத்தார் நாமே. நாம் எட்டாண்டு நின்றவர்களைப் போல் இருப்போமா, ஓர் இரவில் விட்டுக்கொடுத்தவர்களைப் போல் இருப்போமா என்பதை இனி நம் செயலே சொல்லட்டும்.